பன்னிரண்டரை மணிப் பை

ஜூன் 3

மதுரைக்குப் போய்ச் சிறுநீரக டாக்டரைப் பார்த்துவிட்டு வந்தோம். டாக்டருக்கு முப்பத்தைந்து வயதுகூட இருக்காது. தாளில் ஒரு பூசணிக்காயை வரைந்து, இதுதான் வயிறு என்றார். முப்பத்தாறு வருடம் சர்வேயராக இருந்து திண்டுக்கல் மாவட்டத்தில் பாதியைக் கோணல் இல்லாமல் வரைந்தவன் நான். என் முன்னால் பூசணிக்காய்.

தெய்வானையின் இரண்டு சிறுநீரகமும் ஓய்ந்துவிட்டனவாம். இனி இரண்டு வழி. வாரம் மூன்று நாள் மதுரைக்கு வந்து மெஷினோடு படுத்துக்கொள்ள வேண்டும். இல்லையென்றால் வயிற்றில் ஒரு குழாய் பொருத்தி, வீட்டிலேயே ஒரு நாளைக்கு நான்கு தடவை, பையிலிருந்து இரண்டு லிட்டர் மருந்துத் தண்ணீரை வயிற்றுக்குள் இறக்கி, சில மணி நேரம் ஊறவிட்டுக் கழிவோடு வெளியே எடுக்க வேண்டும். யோசித்துச் சொல்கிறேன் என்று நான் சொல்ல வாயெடுப்பதற்குள், "வீட்டுலயே பண்ணிக்கிறேன் டாக்டர்" என்றாள் தெய்வானை. யாரும் அவளைக் கேட்கவில்லை.

கால் வீக்கம் எப்போதிருந்து என்று டாக்டர் கேட்டார். தை மாதத்திலிருந்து என்றாள். என்னைப் பார்த்தார். பெண்டாட்டியின் காலைக் குனிந்து பார்த்துக்கொண்டிருப்பதுதான் ஆம்பிளைக்கு வேலையா?

ஜூன் 9

குழாய் வைத்தார்கள். கொப்பூழுக்குப் பக்கத்தில் பென்சில் கனத்தில் தொங்குகிறது. நான் பார்க்கவில்லை. நர்ஸ் சொன்னாள்.

ஜூன் 24

சாமான்கள் வாங்கினேன். பை மாட்டும் ஸ்டாண்டு, எடை பார்க்கும் தராசு, பிரஷர் பார்க்கும் மெஷின், முகமூடி, கை கழுவும் மருந்து. ஆஸ்பத்திரிச் சாமான் விற்கும் கடைக்காரன் கூடவே திருகிவிட்டால் எழுந்து நிற்கும் கட்டில் ஒன்றையும் என் தலையில் கட்டப் பார்த்தான். என் மனைவி தானாகவே எழுந்து உட்காருவாள் என்றேன். "இப்ப உட்காருவாங்க சார்" என்றான். அந்த 'இப்ப'வை அவன் இழுத்த இழுப்புக்கு அறையலாம் போலிருந்தது. ஸ்டாண்டை மட்டும் எடுத்துக்கொண்டு வந்தேன். ஒரு கால் குட்டை. அடியில் அட்டை வைத்தேன்.

ஜூன் 27

மருந்துத் தண்ணீர்ப் பைகள் வந்து இறங்கின. முப்பது அட்டைப் பெட்டி. எல்லாவற்றையும் என் அறையில் அடுக்கிவிட்டார்கள். என் அறையில்தான் கை கழுவத் தொட்டி இருக்கிறதாம், என் அறையில்தான் கதவு நன்றாகச் சாத்துகிறதாம். மேஜை, என் படங்கள், நாற்காலி எல்லாம் நடைக்கு வந்துவிட்டன. நானும் நடைக்கு வந்துவிட்டேன். சுவரில் காலண்டர்கூட இருக்கக் கூடாது, தூசி சேருமாம். தெய்வானை சாமி படத்தையும் கழற்றிவிட்டாள். சாமியைவிடப் பெரிய பையா?

கோயம்புத்தூரிலிருந்து மகள் அரசி போன் பண்ணினாள். "அப்பா, நான் பத்து நாள் வந்து இருக்கட்டுமா?" என்றாள். தேவையில்லை என்றேன். அவள் வந்தால் வீட்டில் இரண்டு பேர் எனக்குப் புத்தி சொல்வார்கள்.

ஜூலை 1

பை அனுப்பும் கம்பெனியிலிருந்து செல்வமேரி என்ற பெண் சொல்லிக்கொடுக்க வந்தாள். பழகிப் பார்க்க, குழாய் தொங்கும் ஒரு துணி ஏப்ரனைக் கட்டிக்கொள்ளச் சொன்னாள். நான் மறுத்தேன். தெய்வானை கட்டிக்கொண்டாள்.

மொத்தம் பதினாறு படி. மின்விசிறியை நிறுத்து, ஜன்னலைச் சாத்து, முகமூடி போடு, கையை இரண்டு நிமிடம் கழுவு, பையைப் பிழிந்து ஓட்டை இருக்கிறதா பார், இப்படிப் போகிறது. மலைக் காட்டில் கருவியை நிறுத்திக் கோணம் எடுத்தவனுக்குக் கை கழுவச் சொல்லிக்கொடுக்கிறாள். விரல் இடுக்கை விட்டுவிட்டீர்கள் சார், மறுபடி கழுவுங்கள் என்றாள். மூன்று தடவை.

மாலையில் எங்கள் இருவரையும் தனித்தனியாகப் படிகளை ஒப்பிக்கச் சொன்னாள். தெய்வானை எட்டாம் வகுப்பு. பதினாறையும் மூச்சுவிடாமல் சொல்லிவிட்டாள். நான் பதினொன்றாவதையும் பன்னிரண்டாவதையும் மாற்றிச் சொன்னதாகச் சொல்கிறார்கள். அந்தத் தாளே சரியாக எழுதப்படவில்லை.

ஜூலை 4

செல்வமேரி போய்விட்டாள். இனி நானே செய்வது என்று முடிவு பண்ணிவிட்டேன். காலை ஆறு, மதியம் பன்னிரண்டரை, மாலை ஆறு, ராத்திரி பத்து. தெய்வானைக்குக் கை நடுங்குகிறது. "நடுங்கலைங்க, நானே பண்ணிக்கிறேன்" என்றாள். நடுங்குகிறது என்று நான் சொன்னால் நடுங்குகிறது.

ஜூலை 11

பார்க்க வருகிறவர்களின் கூட்டம் தாங்கவில்லை. ஒருத்தர் ஆரஞ்சுப் பழத்தோடு வந்தார். இந்த நோய்க்கு ஆரஞ்சு ஆகாது. இன்னொருத்தர் ஏதோ வேரைக் கஷாயம் வைத்துக் குடித்தால் சிறுநீரகம் மறுபடி முளைக்கும் என்றார். எதிர்வீட்டு அம்மாளுக்குக் குழாயைப் பார்க்க வேண்டுமாம். கோயில் யானையைப் பார்க்க வந்தவள் மாதிரி வாசலிலேயே எட்டி எட்டிப் பார்த்தாள். தெய்வானை பூப்போல, "யாரும் உள்ள வரக் கூடாதுன்னு சொல்லியிருக்காங்க மதினி" என்று கதவைச் சாத்தினாள். இத்தனை வருடத்தில் இவள் யார் முகத்துக்கு நேராகவும் கதவைச் சாத்தி நான் பார்த்ததில்லை.

ஆரஞ்சை நான் சாப்பிட்டேன். புளிப்பு.

ஜூலை 15

எடை 52. பிரஷர் 150/90. நான்கு பையும் சரி. இந்த வேலைக்கு ஒரு ஆளை அனுப்பி மூன்று நாள் பாடம் நடத்துகிறார்கள்!

ஜூலை 19

மதியப் பையை மாட்டிக்கொண்டிருக்கும்போது கதிரேசன் போன் பண்ணினான். ஆபீஸில் எனக்குக் கீழே வேலை பார்த்தவன். நத்தம் பக்கம் ஓர் எல்லைத் தகராறு, பழைய கல் எங்கே இருந்தது என்று உங்களைத் தவிர யாருக்கும் தெரியாது சார் என்றான். ரிட்டயர் ஆகி ஏழு வருடம் கழித்தும் என்னைத்தான் கேட்கிறார்கள். புளியமரத்துக்கு வடகிழக்கே பதினாலு மீட்டர் என்று சொன்னேன். போனைத் தோளில் இடுக்கிக்கொண்டே பையையும் மாட்டி முடித்துவிட்டேன். பதினாறு படியாம். ஒரு கையால் செய்கிற காரியம்.

தெய்வானை என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். என்ன என்றேன். ஒன்றுமில்லை என்றாள்.

ஜூலை 21

காலையில் வெளியே வந்த தண்ணீர் கலங்கலாக இருக்கிறது என்றாள் தெய்வானை. வழக்கமாக இளம் மஞ்சளாக, தெளிவாக வரும். அறையில் வெளிச்சம் போதாது, அதனால் அப்படித் தெரிகிறது என்றேன். அவள் நான் படித்துக்கொண்டிருந்த பேப்பரைக் கையிலிருந்து வாங்கித் தரையில் விரித்து, அதன்மேல் பையை வைத்தாள். செல்வமேரி சொல்லிக்கொடுத்த சோதனை. பை வழியாக எழுத்து தெரிந்தால் சரி, தெரியாவிட்டால் உடனே ஆஸ்பத்திரி. அரிசி களைந்த தண்ணீரை ஊற்றி வைத்த மாதிரி இருந்தது. தலைப்புச் செய்திகூடத் தெரியவில்லை.

சாயங்காலம் வரை பார்ப்போம் என்றேன். வயிறு வலிக்கிறது என்றாள். நேற்று சாப்பிட்ட அவரைக்காயாக இருக்கும் என்றேன். அவள் என்னிடம் மேற்கொண்டு பேசாமல் போனை எடுத்தாள். செல்வமேரிக்குச் சொன்னாள். அரசிக்குச் சொன்னாள். முக்கு ஸ்டாண்டிலிருக்கும் கார்க்காரருக்கும் அவளே சொன்னாள். அந்த நம்பர் இவளிடம் எப்படி இருக்கிறது? கலங்கிய பையை வயர்க்கூடையில் வைத்து மடியில் வைத்துக்கொண்டாள். கொடைரோடு தாண்டும்போது அவள் உடம்பு உதறத் தொடங்கியது. நான் கார் ஜன்னலை ஏற்றினேன்.

வயிற்றுக்குள் கிருமி புகுந்துவிட்டது. படுக்கையில் சேர்த்துவிட்டார்கள்.

ஜூலை 22

காய்ச்சல் 103.

ஜூலை 23

பூசணிக்காய் டாக்டர் வந்து விசாரணை நடத்தினார். மாட்டுகிற இடத்தில் வெளிக்காற்றோ, கையோ, மூச்சோ பட்டால்தான் இப்படி வரும், யார் பை மாற்றுவது என்றார். நான்தான் என்றேன். முகமூடி போட்டிருந்தீர்களா? போட்டிருந்தேன் என்றேன்.

இதில் பொய் ஒன்றும் இல்லை. முகமூடி இருந்ததா என்றுதான் கேட்டார். முகமூடி இருந்தது. எங்கே இருந்தது என்று அவர் கேட்கவில்லை. கேட்கத் தெரியாதவர்கள் விசாரணை நடத்தக் கூடாது.

தெய்வானை கண்ணை மூடிக்கொண்டிருந்தாள். தூங்கியிருப்பாள்.

ஜூலை 24

அரசி வந்துவிட்டாள். என்னிடம் இரண்டு வார்த்தைக்குமேல் பேசவில்லை. ஆஸ்பத்திரி கேண்டீன் இட்லியைக் கொண்டு சுவர் கட்டலாம்.

ஜூலை 26

காய்ச்சல் இறங்கியது. அரசி சாப்பிடப் போயிருந்தாள். தெய்வானை என்னைப் பக்கத்து ஸ்டூலில் உட்காரச் சொன்னாள். அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். நான் பதிவுகளை ஒழுங்காக வைப்பவன்.

"கதிரேசன் போன் பண்ணினப்ப முகமூடி உங்க தாடையில கெடந்துச்சு. மாட்டுற எடத்துக்கு நேரா குனிஞ்சு பேசிக்கிட்டிருந்தீங்க. நான் பாத்துக்கிட்டுதான் இருந்தேன். சொல்லணும்னு வாய் வந்துச்சு, சொல்லல. நாப்பத்தோரு வருசம் சொல்லாமயே இருந்து பழகிப் போச்சு. தை மாசம் காலு வீங்கினப்பவும் அப்படித்தான் இருந்தேன். இனிமே அது ஆகாதுங்க. செத்துப் போயிருவேன். வீட்டுக்குப் போனதும் நானே பண்ணிக்கிறேன். நீங்க அந்த ரூமுக்குள்ள வர வேணாம்."

டாக்டரிடம் சொல்லப் போகிறாயா என்று கேட்டேன். அதை எதற்குச் சொல்ல வேண்டும், அவருக்கு வேறு வேலை இல்லையா என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

ஆஸ்பத்திரி ஸ்டூல்களை யார் செய்கிறார்கள் என்று தெரியவில்லை. பத்து நிமிடம் உட்கார்ந்தால் முதுகு போய்விடுகிறது. நான் ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன்.

ஜூலை 31

வீட்டுக்கு வந்தாயிற்று.

ஆகஸ்ட் 3

உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொள்கிறாள். என் அறை, என் தாழ்ப்பாள். தண்ணீர் ஓடுகிற சத்தம் கேட்கிறது. இரண்டு நிமிடம் என்றால் அவளுக்கு இரண்டு நிமிடம்தான், கடிகாரத்தைப் பார்த்தேன். பிறகு ஸ்டாண்டை நகர்த்தும் சத்தம். பிறகு ஒரு சத்தமும் இல்லை. உள்ளே அவள் என்னதான் செய்கிறாள் என்று தெரியவில்லை. முக்கால் மணி நேரம் ஒரு மனுஷி சத்தமில்லாமல் என்ன பண்ணுவாள்?

பன்னிரண்டரை மணிக்கு அவள் உள்ளே இருப்பதால் உலையை நான் பார்க்க வேண்டியதாகிவிட்டது. சோறு குழைந்துவிட்டது. அரிசி சரியில்லை.

ஆகஸ்ட் 8

அவள் எழுதும் நோட்டு மேஜைமேல் கிடந்தது. எடை, பிரஷர், உள்ளே போனது, வெளியே வந்தது, நிறம். தப்பு இருக்குமா என்று எட்டு நாள் கணக்கையும் கூட்டிப் பார்த்தேன். இல்லை. 'தெளிவு' என்பதை எல்லா இடத்திலும் 'தெழிவு' என்று எழுதியிருக்கிறாள். சிவப்பு மையில் முப்பத்திரண்டு இடத்திலும் திருத்திவைத்தேன்.

ஆகஸ்ட் 9

நோட்டையும் அறைக்குள் கொண்டுபோய்விட்டாள்.

ஆகஸ்ட் 17

கால் வீக்கம் வடிந்துவிட்டது. பழைய செருப்பு சேருகிறது. எதேச்சையாகக் கண்ணில் பட்டது.

ஆகஸ்ட் 21

போடியில் அவள் தங்கை குருவம்மாளின் மகளுக்கு நிச்சயதார்த்தம். மூன்று நாள் போய் இருக்கப் போகிறேன் என்றாள். நடக்காத காரியம் என்று எடுத்துச் சொன்னேன். பன்னிரண்டு பை, ஸ்டாண்டு, தராசு, கை கழுவத் தண்ணீர், கல்யாண வீட்டுத் தூசி. அவள் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, குருவம்மாள் மாடி அறையைக் கழுவி வெள்ளையடித்துவைத்துவிட்டாள், ஜன்னலுக்குப் பக்கத்தில் ஏழடி உயரத்தில் கொக்கி அடித்தாயிற்று, ஸ்டாண்டு தேவையில்லை, செல்வமேரியிடம் கேட்டாயிற்று, டாக்டரும் சரி என்றுவிட்டார், கார் சொல்லியாயிற்று என்றாள். மலையடிவாரத்துக் கிராமத்தை அளக்கப் போகும்போது நான்கூட இவ்வளவு ஏற்பாடு பண்ணியதில்லை. இதை அவளிடம் சொல்லவில்லை.

நான் எந்தச் சட்டையைப் போட்டுக்கொள்வது என்று கேட்டேன். "நீங்க வந்தா எனக்கு வேலை கூடுங்க" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருக்கலாம்.

ஆகஸ்ட் 24

போய்விட்டாள். முன்சீட்டில் உட்கார்ந்துகொண்டு போனாள்.

வீடு அமைதியாக இருக்கிறது. நல்லது. அறை திறந்து கிடக்கிறது. உள்ளே போய்ப் பார்த்தேன். ஆஸ்பத்திரிகூட இவ்வளவு சுத்தமாக இருக்காது. மீதிப் பெட்டிகளில் தேதிவாரியாக எண் போட்டு, பழையது முன்னால், புதியது பின்னால் என்று அடுக்கியிருக்கிறாள். என் நாற்காலியை மறுபடி அங்கே கொண்டுபோய்ப் போடலாம் என்று நினைத்தேன். மூன்று நாளுக்கு எதற்கு என்று விட்டுவிட்டேன்.

ஆகஸ்ட் 25

பதினொரு மணியிலிருந்தே கடிகாரம் சரியாக ஓடவில்லை. பன்னிரண்டரை ஆக அவ்வளவு நேரம் ஆயிற்று. ஒன்றேகாலுக்கு அவளுக்குப் போன் பண்ணினேன். கடுகு எந்த டப்பாவில் இருக்கிறது என்று கேட்டேன். நீங்கள் இரண்டு நாளாகப் பக்கத்து மெஸ்ஸில்தானே சாப்பிடுகிறீர்கள், கடுகு எதற்கு என்றாள். இதை அவளுக்கு யார் சொன்னது? பிறகு அவளே, "ரெண்டாயிரத்து நூறு மில்லி வந்துச்சு. தெளிவா இருக்கு" என்றாள். நான் அதைக் கேட்கவில்லை. அவளாகத்தான் சொன்னாள்.

பின்னால் பெண்கள் சிரிக்கிற சத்தம். அதில் ஒரு சிரிப்பு எனக்குத் தெரிந்ததுபோல இருந்தது. ரொம்ப நாளாகக் கேட்டதில்லை.

ஆகஸ்ட் 26

மாலை ஆறுக்கும் போன் பண்ணினேன். இந்தத் தடவை கடுகு என்று சொல்லவில்லை. சும்மா கேட்டேன்.

ஆகஸ்ட் 27

வந்துவிட்டாள். வாடின கதம்பத்தைத் தலையிலிருந்து எடுக்காமலே நேரே அறைக்குள் போய்விட்டாள். கை கழுவும் சத்தம்.

செப்டம்பர் 9

மதுரையில் மாதாந்திரப் பரிசோதனை. ரத்தம் எல்லாம் நன்றாக இருக்கிறதாம். டாக்டர் அவளோடு கால் மணி நேரம் பேசினார். என்னைப் பார்த்து, "சார் எப்படி இருக்கீங்க?" என்றார், பக்கத்தில் நிற்கிற குடையிடம் கேட்கிற மாதிரி.

வெளியே வரும்போது செல்வமேரி பிடித்துக்கொண்டாள். புதிதாகக் குழாய் வைத்த ஓர் அம்மாள் ரொம்பப் பயப்படுகிறார், நீங்கள் ஒரு தடவை செய்து காட்டுங்கள் அம்மா என்று தெய்வானையைக் கேட்டாள். சின்ன அறை. வெளிறிப்போன அம்மாள் ஒருத்தி கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். அவள் புருஷன் ஏதோ சொசைட்டியில் செயலாளராக இருந்தவராம். சட்டைப் பையில் இரண்டு பேனா. தெய்வானை கை கழுவ ஆரம்பிப்பதற்குள், "அவளுக்கு இதெல்லாம் ஏறாதும்மா. எங்கிட்டச் சொல்லுங்க, நான் பாத்துக்கிறேன்" என்றார். முகமூடியைக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு, அந்த அம்மாளின் தலைக்கு மேலாகக் குனிந்து குனிந்து பேசினார். படித்த ஆளுக்கு இவ்வளவு மண்டைக்கனம் எங்கிருந்துதான் வருகிறதோ. பார்க்கவே அருவருப்பாக இருந்தது.

"அத மூக்கு மேல ஏத்துங்க" என்றேன்.

இன்னும் ஆரம்பிக்கவே இல்லையே என்றார். நான் கவர்மென்ட் உத்தியோகம் பார்த்தவனா என்றும் சிரித்துக்கொண்டே கேட்டார். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை.

"நானும் இப்படித்தான் தாடையில போட்டுக்கிட்டு போன் பேசினேன். ரெண்டு நாள்ல இவ வயித்துல சீழ் பிடிச்சு பதினோரு நாள் இங்க கெடந்தா. டாக்டர் கேட்டப்ப முகமூடி போட்டிருந்தேன்னு சொன்னேன். உங்களுக்கு எத்தனை நாள் வேணும்?"

அந்த ஆள் முகமூடியை ஏற்றிக்கொண்டார். செல்வமேரி தாளில் எதையோ தேடினாள். தெய்வானை தண்ணீர்க் குழாயைத் திருப்பித் திருப்பிக் கை கழுவிக்கொண்டே இருந்தாள். இரண்டு நிமிடம் தாண்டி நாலு நிமிடம் ஆகியிருக்கும். இவ்வளவு நேரம் கழுவச் சொல்லிப் பதினாறு படியில் எதிலும் இல்லை. பிறகு அந்த அம்மாளிடம், "பயப்படாதீங்க. கைதான் எல்லாம். கை கழுவத் தெரிஞ்சவங்களுக்கு இது சமையல் மாதிரிதான்" என்று தொடங்கினாள்.

பஸ்ஸில் திரும்பினோம். வாடிப்பட்டியில் கொய்யா வாங்கினேன். அவளுக்கு ஆகாது என்று நினைவு வந்து, நானும் சாப்பிடாமல் முன்சீட்டுக்காரரிடம் கொடுத்தேன்.

செப்டம்பர் 10

மாலை ஆறு மணிப் பைக்கு அவள் உள்ளே போனாள். நான் நடையில் உட்கார்ந்திருந்தேன். கொஞ்ச நேரத்தில் உள்ளேயிருந்து குரல் வந்தது.

"இந்தப் பையில ஓட்டை இருக்குங்க, பிழிஞ்சா கசியுது. நான் கை கழுவிட்டேன், வேற பெட்டியத் தொட முடியாது. நீங்க வந்து ஒரு பையை எடுத்துக் குடுங்க."

கதவைத் தள்ளினேன். தாழ்ப்பாள் போடாமல்தான் இருந்தது. முகமூடி போட்டு, கையை இரண்டு நிமிடம் கழுவினேன். விரல் இடுக்கு உட்பட. அவள் பார்த்துக்கொண்டிருந்தாள், மறுபடி கழுவச் சொல்லவில்லை. பெட்டிக்கு ஒட்டும் நாடாவை ஏன்தான் இப்படி இழுத்து ஒட்டுகிறார்களோ, நகம் பெயர்ந்துவிட்டது. பையை எடுத்து, தேதி பார்த்து, மேலுறையைப் பிரித்து நீட்டினேன். அவளே பிழிந்து பார்த்தாள், மாட்டினாள், இணைப்பைத் திருகினாள். கை நடுங்கவில்லை.

வேலை முடிந்தது என்று வெளியே போகத் திரும்பினேன். "நில்லுங்க, இப்ப கதவத் தொறக்கக் கூடாது" என்றாள்.

நின்றேன். முதலில் பழைய தண்ணீர் இறங்கியது, பிறகு புதியது ஏறியது. தரையில் கிடந்த பை வழியாகத் தரையின் சிவப்பு அப்படியே தெரிந்தது. கல்யாணப் பெண்ணுக்கு எடுத்த புடவை நன்றாக இல்லை, குருவம்மாளுக்கு எப்போதுமே நிறம் தெரியாது என்று சொல்லிக்கொண்டிருந்தாள். நான் ம் போட்டேன். மொத்தம் முப்பத்தொரு நிமிடம். அந்த அறையில் உட்கார இரண்டாவது நாற்காலி கிடையாது. நாளைக்கு ஒன்றைக் கழுவி உள்ளே போட வேண்டும்.